பட்டினி கிடந்த வேன்

திருவொற்றியூரிலிருந்து கடலோரச் சாலையில் ராயபுரத்துக்கு வருகிறவர்கள் ஓரிடத்தில் வலது பக்கம் திரும்ப வேண்டும். சாதாரணத் திருப்பம்தான். ஆனால் துறைமுகத்திலிருந்து சரக்கை ஏற்றிக்கொண்டு எதிரே வரும் கன்டெய்னர் டிரெய்லர்கள் அந்த இடத்தில்தான் கியர் மாற்றி வேகம் பிடிக்கும். பிரேக்கை மிதித்தபடி நின்று, இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவில் இடைவெளி வரும்வரை காத்திருந்து, வந்ததும் சட்டென்று கடந்துவிட வேண்டும். அந்தச் சட்டென்று என்பதில்தான் எங்கள் உயிர் இருந்தது. எங்கள் என்றால், நானும் என் வேனில் அடைந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளும்.

அன்றைக்கு இடைவெளி வந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டரை மிதித்தேன். வேன் பாதி உடம்பை எதிர்த்தடத்தில் நீட்டியதும் ஒரு விக்கல் விக்கிவிட்டு அப்படியே நின்றது. இன்ஜின் அணையவில்லை. ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மிதிக்க மிதிக்க, உள்ளே எரிய ஒன்றுமே இல்லாதது மாதிரி வெறும் மூச்சு விட்டது. டிரெய்லர்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். இன்ஜினுக்குள் டப்பென்று ஒரு வெடி வெடித்தது. வேன் ஒரு தாவு தாவி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. டிரெய்லர் கடந்துபோன காற்று எங்களை ஒரு குலுக்குக் குலுக்கியது.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை இறக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்காமல் புத்தகப் பைகளை வேகவேகமாக இழுத்துக் கொடுத்தேன். எப்போதும் எனக்குப் பக்கத்து சீட்டில் உட்காரும் சின்னப் பெண், இரண்டாவது படிக்கிறவள், இறங்கும்போது கேட்டாள்: "யக்கா, அந்த லாரி நம்மள இடிச்சிருக்குமா?"

"அதெல்லாம் இடிக்காது, போ" என்றேன். இடித்திருக்கும். எனக்குத் தெரியும்.

அது இரண்டாயிரம் பிறந்த பிறகான ஆரம்ப வருடங்கள். செல்போன் இன்னும் எல்லார் கைக்கும் வந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டுபவர். யாரோ விற்ற பழைய பெட்ரோல் வேன் ஒன்றை வாங்கினார். அவருக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். பள்ளிக்கூட டிரிப் அடிக்க முடியாது. "நீ ஓட்டுறியா, மே?" என்று விளையாட்டாகத்தான் கேட்டார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் எடுத்து, சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் அப்போது பள்ளி வேன் ஓட்டிய பெண் எனக்குத் தெரிந்து நான் மட்டும்தான். முன் சீட்டுக்கு அடியில்தான் இன்ஜின். வெயில் காலத்தில் தோசைக்கல் மேல் உட்கார்ந்து ஓட்டுவது மாதிரி இருக்கும். இருந்தாலும் அந்த வேன் மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம். காலையில் நான் சாவியைத் திருப்புகிறபோது தெருவே என்னைப் பார்க்கும். அது எனக்குப் பிடித்திருந்தது, அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

விக்கல் திடீரென்று வந்ததல்ல. சில வாரங்களாகவே இருந்தது. நிறுத்தி எடுக்கும் இடங்களில் மட்டும் வரும். நேராக ஓடும்போது வரவே வராது. இதோடு பிரேக்கும் கல் மாதிரி ஆகிக்கொண்டு வந்தது. நிறுத்த வேண்டுமென்றால் சீட்டில் முதுகை அழுத்திக்கொண்டு முழுக்காலால் மிதிக்க வேண்டும். பழைய வண்டி, பிரேக் கட்டை தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டும் வேறு வேறு நோய் என்றுதான் நானும் நம்பினேன்.

அன்று திருப்பத்தில் நடந்ததை ஒரு பிள்ளையின் அப்பா பின்னால் ஸ்கூட்டரில் வந்து பார்த்துவிட்டார். சாயங்காலம் நான் டிரிப் முடித்து வருவதற்குள் வீட்டு வாசலில் பெற்றோர் கூடியிருந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அந்தச் சின்னப் பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத்தான் பேசினாள்.

"யக்கா, உம்மேல எங்களுக்கு ஒண்ணும் கோவம் கெடையாது. கொழந்தைங்கள நல்லாதான் பாத்துக்கிற. ஆனா அந்த ரோட்டுல பொம்பள காலு தாங்காதுக்கா. ஒரு ஆம்பள டிரைவரப் போட்டுக்கோ. நீ வண்டியிலயே கூட வா, யாரு வேணான்னாங்க?"

"வண்டில கோளாறு கீது. டிரைவர மாத்துனா வண்டி மாறிடுமா?" என்றேன்.

ஸ்கூட்டர்காரர் சிரித்தார். "நேத்து உன் வூட்டுக்காரர் எண்ணூர் வரிக்கும் ஓட்டிகினு போனாரே, பறந்துச்சு. வண்டில இன்னா கோளாறு?"

வரும் திங்கட்கிழமையிலிருந்து புது டிரைவர் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். காசிமேட்டில் மீன் வண்டி ஓட்டிய ஒருவர் இருக்கிறாராம், நல்ல கை என்றார்கள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுகை வந்தது. ஆத்திரம் அதைவிட அதிகமாக வந்தது. கோளாறு வேனில்தான் என்றால், திங்கட்கிழமை அந்த மீன் வண்டிக்காரர் அதே திருப்பத்தில் பிள்ளைகளோடு நிற்பார். வேன் அவருக்கும் விக்கும். என் இடம் போவதாவது என் தலையோடு போகும். இது பிள்ளைகள் தலையில் வந்து விடியும். இதை யாரிடம் சொன்னாலும், இவள் இடம் போகிறதே என்று பேசுகிறாள் என்பார்கள். கோளாறு என் காலில்தான் என்றாலோ, பேச எனக்கு வாயே இல்லை. ஆக திங்கட்கிழமைக்குள் எனக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டும்: காலா, வேனா?

மறுநாளே மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ரயில்வே லைனுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. எங்கள் பக்கத்து டாக்சி, வேன் எல்லாம் அவரிடம்தான் போகும். வாய்நிறைய வெற்றிலை, வாய்நிறையப் பேச்சு. கெட்டிக்காரர், அது அவருக்கும் நன்றாகத் தெரியும். சீட்டைத் தூக்கி, பெட்ரோலைப் பற்ற வைக்கும் ஸ்பார்க் ப்ளக் ஒன்றைக் கழற்றி என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"பாத்துக்கோ தங்கச்சி. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா கீது. இந்தக் கரித்தூளு ஊர்ல இவ்ளோ சுத்தமான ப்ளக்க நான் பாத்ததே இல்ல. இன்ஜின் ஜோரா கீது. நீதான் கால பயந்து பயந்து வெக்குற."

அவர் சொன்னதை நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? எங்கள் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். துறைமுகத்தில் மலை மலையாக நிலக்கரி கொட்டிக் கிடந்த காலம் அது. காற்று அடித்தால் கொடியில் காயும் வெள்ளை வேட்டி சாம்பல் நிறமாகும். காலையில் மூக்கைச் சிந்தினால் கருப்பு. தரையைத் துடைத்த துணியைப் பிழிந்தால் கருப்பு. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பொருள் வெள்ளையாக இருந்தால் அது ஆரோக்கியம். ப்ளக்கின் நுனி வெள்ளையாக இருந்தால் இன்ஜினுக்குச் சுகம் என்று எங்கள் மெக்கானிக்குகளே பேசிக்கொள்வார்கள்.

அவர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த வண்டி எதற்காக விக்கினாலும் முதல் சந்தேகம் கரித்தூள் மேல்தான். தூள் அடைத்துக்கொண்டது, இன்ஜினுக்கு மூச்சு முட்டுகிறது என்பார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டுகிற கார்புரேட்டரில் திருகைத் திருகிப் பெட்ரோலைக் குறைத்துவிடுவார்கள், காற்றின் கை ஓங்கட்டும் என்று. என் வேனை வாங்கியதிலிருந்தே இந்த மெக்கானிக்கும் அப்படித்தான் வைத்திருந்தார். அன்றைக்கு என் மனத்திருப்திக்காக இன்னும் கொஞ்சம் குறைத்தார். காற்று வடிகட்டியையும் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"இது இல்லாமயே ஓட்டு. நல்லா மூச்சு வுடட்டும்."

பிறகு தானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடலோரச் சாலையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், காலி வண்டியில். எங்கள் ஊர் ஆண்களுக்கு பிரேக்கை மிதிப்பது கௌரவக் குறைச்சல். ஹாரன் அடிப்பார்கள், லைட்டைப் போட்டுக் காட்டுவார்கள், சைக்கிள்காரனைக் கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள். ஆக, போய்த் திரும்பி வரும்வரை அவர் பிரேக்கைத் தொட்டது கொட்டகை வாசலில்தான். தொட்ட கையோடு இன்ஜினையும் அணைத்துவிட்டார். வேன் ஒரு தடவைகூட விக்கவில்லை. சாவியை என் கையில் வைத்துவிட்டு ஒரு பார்வை பார்த்தார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

அடுத்த நாள் காலையில் வேன் முன்னைவிட மோசம். ஒவ்வொரு பிள்ளை வீட்டு வாசலிலும் நின்று எடுக்கும்போது விக்கியது. திருப்பத்துக்கு வந்து நின்றேன். டிரெய்லர்களுக்கு நடுவே நல்ல நல்ல இடைவெளிகள் வந்தும் நான் போகவில்லை. பின்னால் நிற்கிற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்துத் தீர்த்தன. கடைசியில் சாலை முழுக்கக் காலியானதும்தான் கடந்தேன். பள்ளிக்கூடத்தில் மணி அடித்து முடிந்திருந்தது. பிள்ளைகள் வெளியே முட்டி போட்டார்கள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷன், என்னை ஒரு நாளும் மட்டமாகப் பேசியதில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நான் ஓட்டும்போது ஒண்ணும் பண்ணல, மே. அந்த டிரெய்லர் வந்ததுலேர்ந்து நீ கொஞ்சம் பயந்துட்டிருக்க. பயந்தா காலு தானா தடுமாறும். தப்பில்ல. வுட்டுடேன்."

ஊர் சொன்னதெல்லாம் ஒரு பக்கம். இது நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குமேல் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் மதியம், யாருமில்லாத நேரம் பார்த்து, வேனை ஸ்டார்ட் செய்யாமல் உட்கார்ந்து, பிரேக்கிலிருந்து ஆக்சிலேட்டருக்கும் ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்கும் காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். நடக்கப் பழகுகிற குழந்தை மாதிரி. அப்படி என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்களே என்று அந்த ஸ்டீயரிங் மேலேயே கவிழ்ந்து அழுதேன்.

வெள்ளிக்கிழமை விடியும்போது மழை. ஈரத்தில் அந்த வேன் லேசில் ஸ்டார்ட் ஆகாது. அதற்காக ஸ்டீயரிங் பக்கத்தில் சோக் என்று ஒரு குமிழ் இருக்கும். இழுத்தால் காற்று வரும் வழி குறுகி, இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகும். இன்ஜின் சூடானதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் திகட்டி, புகைவிட்டு, திணறும். அன்று குமிழை இழுத்து ஸ்டார்ட் செய்தேன். பிள்ளைகள் நனைந்துவிடுமே என்ற அவசரம். ஒருவனுக்கு ஷூ ஒன்றைக் காணோம், இன்னொருத்தி டிபன் பாக்ஸைத் திறந்து சீட்டெல்லாம் சாம்பார். இந்த அமர்க்களத்தில் குமிழைத் தள்ள மறந்தே போனேன்.

வேன் விக்கவில்லை.

முதல் வீட்டில் விக்கவில்லை. அடுத்த வீட்டில் விக்கவில்லை. மழைக்குப் பயந்துகொண்டு, வேனைக் கெஞ்சிக் கெஞ்சித் திருப்பத்துக்கு வந்தேன். இடைவெளி வந்தது. மிதித்தேன். வேன் போனது! வாங்கிய புதிதில் போனது மாதிரி, கேட்ட உடனே போனது. பள்ளிக்கூட வாசலில் இன்ஜினை அணைக்கக் குனிந்தபோதுதான் வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் குமிழைப் பார்த்தேன். தள்ளிவிட்டுத் திரும்பினேன். முதல் நிறுத்தத்திலேயே விக்கியது. மறுபடி இழுத்தேன். சரியானது. தள்ளினேன். விக்கியது. மழையில் அந்தச் சாலையோரத்தில் பைத்தியக்காரி மாதிரி இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தேன். என் கால் அதே கால்தான். கால் பயந்திருந்தால் குமிழை இழுத்ததும் பயம் எங்கே போகும்?

வீட்டுக்கு வந்து டீ போட பம்ப் ஸ்டவ்வைப் பற்ற வைத்தபோது மீதியும் புரிந்தது. மண்ணெண்ணெய் அதிகமாக வந்தால் பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். மண்ணெண்ணெய் தீரப்போகிற ஸ்டவ்வில் எவ்வளவு பம்ப் அடித்தாலும் காற்றுதான் வரும். தீ வெளுத்துப் போய்ச் சீறும், ஒரு டப் சத்தத்தோடு அணையும். அப்போது பாத்திரத்தின் அடியில் கரியே இருக்காது. சுத்தமாக இருக்கும், சோறுதான் வேகாது. அந்த வெள்ளை ப்ளக் என் கண் முன்னால் வந்து நின்றது. அது சுகம் இல்லை, பட்டினி. பசியில் கிடக்கிற இன்ஜினுக்குத்தான் நாங்கள் இன்னும் காற்று ஊட்டிக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை பள்ளி கிடையாது. காலையிலேயே கொட்டகைக்குப் போனேன். மெக்கானிக் என்னைப் பார்த்ததும் அலுத்துக்கொண்டார். "இன்னா தங்கச்சி, மறுபடியும் பேஜாரா?"

"சோக்க இஸ்துகினு ஓட்டுனா விக்கல அண்ணே. தள்ளுனா விக்குது."

"இன்ஜின் சூடாவாம கீறப்போ அப்பிடித்தான் இருக்கும்."

"சூடானப்புறம்தான் சொல்றேன். பள்ளிக்கூடம் வரிக்கும் சோக்குலயேதான் போனேன்."

அவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். மனுஷன் வாய்க்கொழுப்புக்காரரே ஒழிய, வேலை தெரியாதவர் இல்லை. சூடான இன்ஜினுக்கு சோக் போட்டால் திணற வேண்டும்; இது தேறுகிறது என்றால் அதன் பொருள் என்னவென்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்டார்ட் பண்ணு என்று கையைக் காட்டினார். சீட்டைத் தூக்கிவிட்டு, கார்புரேட்டரின் வாயைத் தன் உள்ளங்கையால் பாதி மூடினார். காற்று குறைந்ததும் இன்ஜின் அணையத்தானே வேண்டும்? அணையவில்லை. தடதடத்துக்கொண்டிருந்த சத்தம் கூடி, சீராகி, நிமிர்ந்தது. கையை எடுத்தார், மறுபடி தடதடத்தது. இன்னொரு தடவை மூடினார். அவர் முகத்தில் இருந்த அலுப்பு போய்விட்டது.

"எங்கியோ காத்து இஸ்துகினு கீது" என்றார். "கார்புரேட்டர் வாய்க்கு அப்பால, திருட்டுத்தனமா."

அதற்குப் பிறகு தேடல். இணைப்பு ஒவ்வொன்றின் மேலும் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். காற்று திருடுகிற இடத்தில் தண்ணீர் உறிஞ்சப்படும், இன்ஜின் சத்தம் மாறும். எங்கேயும் மாறவில்லை. போல்ட்டுகளை இறுக்கினார். மாற்றமில்லை. பெட்ரோலைக் குறைத்து வைத்திருந்த திருகைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தார். தடதடப்பு நின்றது, ஆனால் அவருக்குத் திருப்தியில்லை. வெயில் ஏறிவிட்டது. இதோடு சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடுவாரோ, திங்கட்கிழமை அந்தத் திருப்பத்தில் வேன் மறுபடி விக்குமோ என்று பயந்தேன். ஒரே வழி, அந்தத் திருப்பத்தில் நடப்பதை அப்படியே இங்கே நடத்திப் பார்ப்பது என்று தோன்றியது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். அந்தத் திருப்பத்தில் நான் எப்படி நிற்பேனோ அப்படி நின்றேன், அதாவது பிரேக்கை முழுக்காலால் அழுத்திக்கொண்டு.

இன்ஜின் குலுங்கி, தளர்ந்து, நின்றுபோனது.

"இன்னா பண்ண நீ?" குனிந்திருந்தவர் தலையைத் தூக்கினார்.

"ஒண்ணும் பண்ணல. பிரேக்குல காலு வெச்சேன்."

"திரும்ப ஸ்டார்ட் பண்ணு. கால எடு." இன்ஜின் ஓடியது. "இப்ப வையி." தளர்ந்தது. "எடு." எழுந்தது. "வையி." பக்கத்தில் இரும்பு தேய்த்துக்கொண்டிருந்த கிரைண்டரை அணைக்கச் சொல்லி அவர் கத்தினார். கொட்டகை அமைதியானது. நான் பிரேக்கை அழுத்தினேன். என் காலுக்கு முன்னால், தகரத்துக்குப் பின்னாலிருந்து, உஸ்ஸென்று ஒரு சத்தம். காலை எடுத்ததும் நின்றது. பிள்ளைகள் கூச்சலிலும் டிரெய்லர் இரைச்சலிலும் அது எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லை.

அவர் தரையில் படுத்து, பெடலுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். பிறகு இன்ஜினிலிருந்து அந்தப் பக்கமாகப் போகும் ரப்பர் குழாயைத் துணி சுற்றிய இடுக்கியால் நெரித்துப் பிடித்தார். "அழுத்து" என்றார். அழுத்தினேன். இன்ஜின் தளரவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். அது பாட்டுக்கு ஓடியது.

பிரேக்குக்கு பலம் கொடுக்க முன்னால் ஒரு டப்பா இருக்கிறது. இன்ஜின் உறிஞ்சுகிற காற்றை வைத்துத்தான் அது நம் காலுக்கு உதவி செய்யும். அதற்குள் இருக்கிற ரப்பர் கிழிந்துவிட்டது. பிரேக்கை மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தக் கிழிசல் வழியாக வெளிக்காற்று இன்ஜினுக்குள் பாய்ந்திருக்கிறது. திருகைத் திருகி ஏற்கெனவே அரைப் பட்டினி போட்டிருந்த இன்ஜின் அப்போது முழுப் பட்டினி ஆகிவிடும். பிரேக்கை விட்டுவிட்டு உடனே ஓடு என்றால் எங்கே ஓடும்? நின்று எடுப்பவளுக்கு மட்டும் விக்கியதும் அதனால்தான். பிரேக்கையே மிதிக்காத ஆம்பளைகளுக்கு அது எப்படி விக்கும்?

மெக்கானிக் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். சிரிக்கவில்லை.

"இத்தினி நாளா அந்த டப்பா ஒதவியே இல்லாம, வெறுங்காலாலதான் நிறுத்திகினு இருந்திருக்க தங்கச்சி. அத்தினி கொழந்தைங்கள வெச்சுகினு."

சந்தோஷம் வர வேண்டிய நேரம், வரவில்லை. எத்தனையோ காலை வேளைகளில் சீட்டில் முதுகை முட்டுக்கொடுத்து நான் நிறுத்திய நிறுத்தங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. கொட்டகை வாசலில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் டீ வாங்கி வரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை புது டப்பா மாட்டினார். காற்று வடிகட்டியைத் திரும்பப் போட்டார். அன்று சாயங்காலம் அவரே எங்கள் தெருவுக்கு வந்து, வேனில்தான் கோளாறு, இந்தப் பொண்ணு காலில் இல்லை என்று வாசலுக்கு வாசல் நின்று சொன்னார். அவர் சொன்னால் ஊர் நம்பும். மீன் வண்டிக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் வேனைத் தானே கழுவித் துடைத்து நிறுத்தினார். அன்று ஓட்டிப் பார்க்கும்போது பிரேக் பஞ்சு மாதிரி இருந்தது. தொட்டால் நின்றது.

திங்கட்கிழமை காலை வேன் ஓரிடத்திலும் விக்கவில்லை. சின்னப் பெண் எனக்குப் பக்கத்து சீட்டில் காலை ஆட்டிக்கொண்டு வந்தாள். திருப்பம் வந்தது. நின்றேன். இடைவெளி வந்ததும் மிதித்தேன், வேன் அழகாக எடுத்தது. நடுச்சாலையில், ஓரமாக நின்ற லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு சைக்கிள்காரன் குறுக்கே வந்தான். பிரேக்கை லேசாகத் தொட்டிருந்தால் போதும். ஆனால் இத்தனை வாரங்களாக அந்தப் பெடலைக் கல் என்று பழகிய கால், முதுகைச் சீட்டில் அழுத்தி, முழுப் பலத்தோடு மிதித்துவிட்டது. வேன் இருந்த இடத்தில் அறைந்த மாதிரி நின்றது. பின்னால் பைகளும் பிள்ளைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தார்கள். சின்னப் பெண்ணின் முகம் முன்னால் இருந்த தகரத்தில் போய் மோதியது. கீழுதடு கிழிந்து ரத்தம் வெள்ளைச் சட்டையில் சொட்டியது. எதிரே டிரெய்லர் தூரத்தில் இருந்தது, கடந்துவிட்டேன். இத்தனை நாள் அந்தச் சாலையில் ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

சாயங்காலம் அவளை நானே கையில் பிடித்துக்கொண்டுபோய் வீட்டில் விட்டேன். உதடு வீங்கியிருந்தது. அவள் அம்மா பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் பதறினாள். பிறகு என் தோளைத் தொட்டாள்.

"புது பிரேக்கு இல்லக்கா, அப்பிடித்தான் புடிக்கும். நீ இன்னா பண்ணுவ?"

"பிரேக்கு நல்லாத்தான் கீது. தப்பு என் காலு மேலதான். பழைய நெனப்புல ஓங்கி மிதிச்சுட்டேன்."

"சும்மா இரு யக்கா. அன்னிக்கு உன்னச் சொன்னதுக்கே எனக்கு ராத்திரி தூக்கம் வரல. இனிமே உன் கால எவனாவது கொற சொல்லட்டும், நான் கேக்குறேன்."

"இல்லமா" என்றாள் சின்னப் பெண், வீங்கிய உதட்டோடு. "அக்காதான் ரொம்ப ஓங்கி மிதிச்சாங்க."

அம்மா அவள் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். "வாய மூடு. வண்டியச் சொல்லாம அக்காவச் சொல்றியா?"

நான் மறுபடி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் குழந்தையை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அடி வாங்கிய அழுகை வாசல்வரை கேட்டது.